பதினெட்டு வெள்ளி எண்பது காசு

1932ஆம் வருஷம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பாதிப்பேர் சம்பளம் வாங்கிய பத்தாம் நாளே கடையில் கடன் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குணபூசணியின் வீட்டில் மட்டும் ஒரு காசு கடன் கிடையாது. அதற்காக அவளைப் பாக்கியசாலி என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். அவள் கணவர் சிவகுருநாதன் ரயில்வே கணக்குக் கந்தோரில் தணிக்கைக் கிளார்க். யாழ்ப்பாணத்தார் ஆபீசைக் கந்தோர் என்பார்கள். மனிதர் சாயந்தரம் வீட்டுக்கு வந்ததும் கோட்டைக் கழற்றுவாரே தவிர, கந்தோரைக் கழற்றமாட்டார்.

அரசாங்கத்தில் ஒவ்வொரு செலவுக்கும் ஒரு தொகையை ஒதுக்கி அதற்கு வோட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். சிவகுருநாதன் தன் வீட்டு அடுக்களைக்கும் வோட்டு வைத்தார். மாதம் இருபது வெள்ளி, அதாவது மலாயா டாலர். அதிலே அரிசிக்கு இவ்வளவு, மீனுக்கு இவ்வளவு, தேங்காய்க்கு இவ்வளவு. தேங்காய்க் காசில் மீன் வாங்கினால் அனுமதி பெற வேண்டும். மாதக் கடைசியில் கணக்குப் புத்தகத்தை மேசைமேல் விரித்து, சிவப்புப் பென்சிலால் வரிவரியாகச் சரி போடுவார்.

கல்யாணமான முதல் மாதம் குணபூசணி சிக்கனமாகச் செலவழித்து இரண்டு வெள்ளி மீதம் காட்டினாள். மெச்சுவார் என்று நினைத்தாள். அவர் அந்த இரண்டு வெள்ளியைத் தன் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு, மறுமாதம் பதினெட்டு வெள்ளி கொடுத்தார். மிஞ்சினால் தேவையில்லை என்றுதானே அர்த்தம் என்றார். அந்த இரண்டு வெள்ளியைத் திரும்ப வாங்க அவளுக்கு ஒரு வருஷம் பிடித்தது. அதிலிருந்து அவள் மீதி வைப்பதில்லை. கடைசி நாள் கையில் இருக்கும் சில்லறையைக் கொத்தமல்லியாக்கி டின்னில் கொட்டிவிடுவாள். கணக்கு இருபது வெள்ளிக்குச் சரியாக வந்து நிற்கும். ஆறு வருஷம் இப்படியே சண்டையில்லாமல் ஓடியது.

மார்ச் மாதம் அவளுடைய தம்பி சபாபதி ஊரிலிருந்து கப்பலில் வந்து இறங்கினான். வயது இருபத்திரண்டு. சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் செய்த சர்டிபிக்கேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வந்திருந்தான். அதைக் கண்டு மயங்குகிற நிலையில் கோலாலம்பூரில் அப்போது ஒரு கந்தோரும் இல்லை. ரப்பர் விலை விழுந்து, இருக்கிற கிளார்க்குகளையே வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஊரில் அவர்கள் தகப்பனார் கையில் இருந்த ஒரே பனங்காணியை ஈடுவைத்துத்தான் அவனுக்குக் கப்பல் காசு கட்டியிருந்தார். அவன் வேலையில்லாமல் திரும்பினால் காணி போய்விடும். காணியோடு மானமும் போய்விடும்.

ஊரிலிருந்து வருகிற பிள்ளை வேலை கிடைக்கும்வரை சொந்தக்காரர் வீட்டில் சாப்பிடுவது மலாயாவில் இருந்த யாழ்ப்பாணத்தார் வழக்கம். வேண்டாம் என்று சொல்லச் சிவகுருநாதனுக்கும் வாய் வரவில்லை. ஆனால் சட்டம் போட வாய் வந்தது.

"இருக்கட்டும். நான் போகச் சொல்லேல்லை," என்றார். "ஆனா வோட்டு இருபது வெள்ளிதான். அது இரண்டு பேருக்கெண்டு போட்ட கணக்கு. அதுக்குள்ளை அவனுக்கும் சோறு போட உமக்கு ஏலுமெண்டாப் போடும். எந்த மாசம் ஒரு காசு கூடுதோ, அந்த மாசக் கடைசியிலை அவனுக்குக் கப்பல் டிக்கெட் எடுப்பன்."

"டிக்கெட் எந்த வோட்டிலை?" என்று குணபூசணி கேட்டாள்.

"அதுக்குத் தனியாக் காசு வைச்சிருக்கிறன்."

சோற்றுக்கு இல்லாத காசு துரத்துவதற்கு இருக்கிறது என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். வெளியே சொல்லி என்ன பயன்.

அன்றிலிருந்து அவள் அடுக்களையில் பட்ட பாடு கொஞ்சமல்ல. மீன் வாங்கக் காலையில் போகாமல், பாசார் கலைகிற பதினொரு மணிக்குப் போனாள். காலையில் முப்பது காசு சொன்ன மீனை அந்நேரம் பதினான்குக்குத் தள்ளிவிடுவார்கள். அரிசியோடு குறுநொய் கலந்தாள். தேங்காயை மூன்றாம் பாலும் எடுத்துவிட்டுத்தான் சக்கையைக் கீழே போட்டாள். பின்புறத்தில் யாரோ நட்டுவிட்டுப் போன முருங்கையில் இலை தங்கவில்லை. மளிகைக் கடைக் கன்னையா உடைந்த அப்பளத்தைப் பாதி விலைக்குத் தருவார், அதையும் விடவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அவள் குழம்பில் போட்ட புளியைக்கூட அளந்துதான் போட்டாள். மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதமும் கணக்கு இருபது வெள்ளிக்குள் நின்றது.

ஜூன் மாதம்தான் புத்தி பிசகியது. இருபத்தாறாம் தேதி பார்த்தபோது கையில் ஒரு வெள்ளி இருபது காசு இருந்தது. ஏதாவது ஒரு காசு தவறிக் கூடிவிட்டால் தம்பி கப்பலேற வேண்டுமே என்ற பயத்தில், கடைசி நாலு நாளும் அவள் கடைப்பக்கமே போகவில்லை. டின்னில் இருந்ததை வழித்துச் சமைத்தாள். கொத்தமல்லி வாங்குவதுகூட மறந்துபோயிற்று. பயந்தவள் கைக்கு அந்தக் காசு துணைபோல இருந்தது. அடுத்த மாதத்துக்கு உதவும் என்று நினைத்தாள்.

சிவகுருநாதன் சிவப்புப் பென்சிலை வைத்துவிட்டு மீதிக் காசை எண்ணினார்.

"ஒரு வெள்ளி இருபது காசு மிச்சம். நல்லது. ஜூலைக்குப் பதினெட்டு எண்பது."

குணபூசணி மேசையருகே வந்தாள். "மூண்டு பேர் சாப்பிடுறம். இருபதுக்கே நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும். பதினெட்டு எண்பதிலை என்னெண்டு நடத்திறது?"

"இந்த மாசம் நடத்தினீர்தானே? கணக்குச் சொல்லுதே."

ஆறு வருஷமாக அடக்கி வைத்திருந்த கோபம் அவளுக்கு அன்று வந்தது. கத்தவில்லை. உள்ளே போய்ச் சாவிக்கொத்தையும் பணப்பையையும் எடுத்துவந்து புத்தகத்தின்மேல் வைத்தாள்.

"கந்தோரிலை லீவிலை போறவை சார்ஜ் குடுத்திட்டுத்தானே போறவை. நானும் சார்ஜ் குடுக்கிறன். இந்த மாசம் நீங்களே பாருங்கோ. வாங்கிறது நீங்கள். என்ன கறியெண்டு சொல்லுறதும் நீங்கள். சமைச்சு மட்டும் நான் தாறன்."

சிவகுருநாதன் சிரித்தார். "லட்சக்கணக்கிலை கணக்குப் பாக்கிறவனுக்கு இது ஒரு வேலையோ? தாரும். ஆனா சட்டம் சட்டந்தான். நீர் பாத்தாலும் நான் பாத்தாலும், ஒரு காசு கூடினா அவன் போக வேண்டியதுதான்."

தான் செய்த காரியம் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தம்பியின் தலையெழுத்தை, வாழ்நாளில் ஒரு மீன்கூட வாங்கியிராத மனிதரின் கையில் கொடுத்துவிட்டாள். கொடுத்த சாவியைத் திரும்பக் கேட்க ரோஷம் விடவில்லை. அறை வாசலில் நின்ற சபாபதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றான்.

ஜூலை முதலாம் தேதி சிவகுருநாதன் கோட்டும் டையும் தொப்பியுமாகக் காலை ஆறரை மணிக்குப் பாசாருக்குப் போனார். அந்நேரத்தில் விலை உச்சியில் நிற்கும் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் எட்டரைக்குக் கந்தோரில் இருக்க வேண்டியவர் வேறு எந்நேரம் போவார். கண்ணுக்குப் பிடித்ததை வாங்கினார். நண்டு வாங்கினார். ஆட்டிறைச்சி கட்டி நாற்பத்தெட்டுக் காசு கொடுத்து வாங்கினார். கட்டி என்பது ஒன்றேகால் ராத்தலுக்குச் சற்றுக் கூட. ஒரு வேளைக்குக் காணும். அதை வாரத்துக்கு இரண்டு தரம் வாங்கினார். ஒவ்வொன்றுக்கும் பில் கேட்டு, குண்டூசியால் புத்தகத்தில் குத்தி வைத்தார்.

ஐந்தாம் நாள் அரிசி கொண்டுவந்த கன்னையா, பின்வாசலில் மூட்டையை இறக்கிவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அம்மா, சார்கிட்ட நீங்களாச்சும் சொல்லுங்கம்மா. நான் ஒரு வெல சொன்னா அப்படியே எடுத்துக் குடுத்துடுறாரு. எனக்கே ஒரு மாதிரியா இருக்கு லா."

"கொஞ்சம் குறைச்சுக் கேக்கச் சொல்லுங்கோவன்."

"சொன்னேம்மா. கவர்மெண்டு ஆளு பேரம் பேசக்கூடாதாம். அதோட பில்லு வேற. நாலு காசு கருவேப்பிலைக்கு பில்லு எழுதிக்கிட்டு இருந்தா நான் எப்பம்மா மத்த யாவாரத்த பாக்கறது?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். வேறு எந்த மாதமாக இருந்தாலும் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பாள். இந்த மாதம் அவர் எடுத்துக் கொடுக்கும் ஒவ்வொரு காசும் அவள் தம்பியைக் கப்பலை நோக்கி ஓரடி தள்ளியது. நண்டை உடைக்கும்போது அதுதான் நினைவு. குழம்பு ருசியாக வந்தால் அதற்கும் எரிச்சல்பட்டாள்.

பன்னிரண்டாம் தேதி பொறுக்க முடியாமல், "மீன் கொஞ்சம் சின்னனாப் பாத்து வாங்கலாமே," என்றாள்.

"சார்ஜ் என்னட்டை இருக்கு," என்றார் அவர்.

சபாபதி நாளுக்கு நாள் குறைத்துச் சாப்பிட்டான். பசிக்கவில்லை என்பான். ஒரு நாள் அவள் அறைக்குள் போனபோது சட்டைகளை மடித்து டிரங்குப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். "டிக்கெட் எடுக்க முந்திப் பெட்டி கட்டாதை. தரித்திரம்," என்று சட்டைகளை வெளியே எடுத்துப் போட்டாள். அவள் வெளியே வந்ததும் அவன் திரும்பவும் உள்ளே வைத்தான்.

பதினேழாம் தேதி சாயந்தரம் சிவகுருநாதன் பணப்பையை மேசையில் கொட்டினார். ஒரு வெள்ளி பத்துக் காசு. மாதம் முடியப் பதினான்கு நாள் கிடந்தது. எண்ணினார். திரும்ப எண்ணினார். புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கூட்டிப் பார்த்தார். எங்கோ பிழை இருக்க வேண்டும் என்ற நம்பிக்கையில் பில்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். கூட்டலில் ஒரு பிழையும் இல்லை. பிழை முழுவதும் மூன்று பேர் வயிற்றில் போயிருந்தது.

குணபூசணி அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெற்றி என்று துள்ள வேண்டிய நேரம். அவள் கண் தம்பியின் டிரங்குப் பெட்டிப் பக்கம் போனது.

அன்று சபாபதி கிள்ளானுக்குப் போயிருந்தான். அங்கே ஒரு கொம்பனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னதை நம்பிப் போனவன், வாசலில் நாற்பது பேர் நின்றார்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தான். சாப்பிட உட்கார்ந்து நாலு வாய் அள்ளினான். கிண்ணத்தில் கிடந்த இறைச்சியைத் தொடாமல் எழும்பப் பார்த்தான்.

"காணும் அக்கா. பசிக்கேல்லை."

சிவகுருநாதன் அவன் தட்டைப் பார்த்தார். வீட்டுக்கு வந்த நாலு மாதத்தில் அவன் தட்டை அவர் பார்த்தது அதுவே முதல் தடவை. அவருடைய தட்டில் எலும்பு குவிந்து கிடந்தது.

"கிள்ளானுக்குப் போட்டு வந்தவனுக்குப் பசிக்காதோ?" என்றார். "இரு. இறைச்சியைப் போட்டுச் சாப்பிட்டிட்டு எழும்பு."

அவன் உட்கார்ந்து சாப்பிட்டான்.

மறுநாள் பணம் தீர்ந்துவிட்டது என்று சொல்லுவார் என்று குணபூசணி காத்திருந்தாள். அவர் வழக்கம்போல் ஆறரைக்குத் தொப்பி போட்டுக்கொண்டு போய் மீன் வாங்கி வந்தார். அதற்கடுத்த நாளும் மீன் வந்தது. இருபத்திரண்டாம் தேதி ஆட்டிறைச்சியே வந்தது. ஒரு வெள்ளி பத்துக் காசு என்ன, அட்சய பாத்திரமா? கேட்டால் சார்ஜ் என்னட்டை இருக்கு என்பார். அவள் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் உள்ளது வெளியே வந்துவிடும் என்ற பயமும் இருந்தது.

வேறு சில காரியங்கள் அவள் கண்ணில் பட்டன. சாப்பாட்டுக்குப் பிறகு முன்வாசலில் வரும் சுருட்டு மணம் நின்றுபோயிற்று. நாளைக்கு நாலு சுருட்டு பிடிக்கிறவர், வெறும் வாயோடு உட்கார்ந்து தெருவைப் பார்த்தார். சாயந்தரம் யாழ்ப்பாணத்தார் சங்கத்துக்குப் போய்ப் பில்லியர்ட்ஸ் ஆடுகிறவர் ஐந்து மணிக்கே வீட்டுக்கு வந்தார். மாதம் இரண்டு தரம் முடிவெட்டிக்கொள்ளுகிறவருக்குக் காதுமேல் மயிர் தொங்கியது. அவருடைய கைச்செலவுக்கு மாதம் எட்டு வெள்ளி. அந்தக் கணக்கை அவர் யாருக்கும் காட்டுவதில்லை.

முப்பத்தோராம் தேதி சாயந்தரம் அவர் புத்தகத்தை மேசையில் வைத்து, சிவப்புப் பென்சிலை அவள் பக்கம் தள்ளினார்.

"எழுதினவன் தன்ரை கணக்கைத் தானே தணிக்கை செய்யக் கூடாது. நீர் பாரும்."

சபாபதி அறை வாசலில் வந்து நின்றான். பெட்டி கட்டி முடிந்திருந்தது. நாளை டிக்கெட்டா இல்லையா என்பது அந்தப் புத்தகத்தில் இருந்தது.

குணபூசணி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் பார்த்தாள். மொத்தச் செலவு பதினெட்டு வெள்ளி எழுபத்தெட்டுக் காசு. மீதி இரண்டு காசு. சபாபதி போக வேண்டியதில்லை. பிறகு முதலிலிருந்து வாசித்தாள். பதினேழாம் தேதிவரை எல்லாம் ஒழுங்கு. ஆட்டிறைச்சி கட்டி நாற்பத்தெட்டு, நண்டு முப்பது, ஒவ்வொன்றுக்கும் பில். பதினெட்டாம் தேதியிலிருந்து குண்டூசியும் இல்லை, பில்லும் இல்லை. மீன் கட்டி மூன்று காசு. நண்டு இரண்டு காசு. இருபத்திரண்டாம் தேதி, ஆட்டிறைச்சி கட்டி பன்னிரண்டு காசு.

கோலாலம்பூரில் அந்த விலைக்கு ஆட்டின் வால்கூடக் கிடைக்காது. பதினான்கு வருஷமாகப் பிறத்தியார் எழுதிய பொய்க்கணக்கைப் பிடித்துக் கொடுத்தே உத்தியோகத்தில் உயர்ந்த மனிதருக்கு, ஒரு பொய்க்கணக்கை ஒழுங்காக எழுதத் தெரியவில்லை. சின்னப் பிள்ளைகூட இதைவிடத் தந்திரமாக எழுதியிருக்கும். மீன் கறியைக் கீரைக் கறி என்று எழுதியிருந்தால் பாதி விஷயம் மறைந்திருக்கும். தின்ற பண்டத்தை மாற்றி எழுத அவருக்கு மனம் வரவில்லை. விலையை மட்டும் மாற்றியிருந்தார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் காதோரத்து மயிரை ஒதுக்கியபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோற்றேன் என்று சொல்ல வெட்கப்பட்டுச் செய்தாரா, அந்தப் பையனை அனுப்ப மனமில்லாமல் செய்தாரா? பாதி அது, பாதி இது என்று அவளுக்குத் தோன்றியது. எதுவாக இருந்தால் என்ன. சுருட்டை விட்டு, சங்கத்தை விட்டு, கைச்செலவுக் காசைப் போட்டு, உத்தியோக வாழ்க்கையில் தொடாத பொய்க்கணக்கைத் தொட்டிருக்கிறார். ஆறு வருஷத்தில் ஒரு பூச்சரம் வாங்கித் தந்திராத புருஷன்மேல் அவளுக்கு அந்த நேரம் வந்த பிரியத்தில் கண் கலங்கி, எழுத்து மறைந்தது.

ஒரு கேள்வி கேட்டால் போதும். கணக்கு உடையும், கணக்கு உடைந்தால் சட்டம், சட்டத்தின்படி சபாபதி கப்பலேற வேண்டும். அவள் பென்சிலை எடுத்து முதல் வரியிலிருந்து சரி போட்டுக்கொண்டு வந்தாள். மூன்று காசு மீனுக்குச் சரி. இரண்டு காசு நண்டுக்குச் சரி. பன்னிரண்டு காசு இறைச்சியில் கை கொஞ்சம் நின்றது. அதற்கும் சரி போட்டாள். அடியில் கையெழுத்து வைத்தாள்.

"பிழை ஒண்டும் இல்லையோ?" என்று சுவரைப் பார்த்தபடியே அவர் கேட்டார்.

"இல்லை. ஆட்டிறைச்சிதான் நல்ல மலிவா வாங்கியிருக்கிறியள். அந்தக் கடையை எனக்கும் ஒருக்காக் காட்டிவிடுங்கோ."

சிவகுருநாதனின் காது சிவந்தது. சாவிக்கொத்தை எடுத்து மெல்ல அவள் பக்கம் தள்ளினார்.

"அந்தக் கடை இண்டையோடை பூட்டியாச்சு," என்றார். "நாளையிலயிருந்து நீரே பாரும். இருபத்தைஞ்சு வெள்ளி."

"இரண்டு பேருக்கு இருபத்தைஞ்சு வெள்ளியோ?"

அவர் அப்போதுதான் சுவரை விட்டுத் திரும்பி, வாசலில் நின்றவனைப் பார்த்தார்.

"இந்த வீட்டிலை எத்தினை பேர் இருக்கிறம் எண்டு உமக்கு எண்ணத் தெரியாதோ?" என்றார். "மூண்டு பேருக்கு."